குகைக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

சேலத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்பார்கள்: "உங்க ஏரியாவுல நல்லா சாப்பிட எங்க போகலாம்?" ஏரியா என்றால் குகை. புதிதாக வருகிறவர்கள் பயப்பட வேண்டாம், வௌவால் எல்லாம் கிடையாது. திருச்சி மெயின் ரோட்டை ஒட்டி, தறிச் சத்தமும் கோவில் மணியும் மாறி மாறிக் கேட்கிற பழைய பேட்டை. இங்கே நன்றாகச் சாப்பிட நிறைய இடம் இருக்கிறது. உட்காரத்தான் இடம் கிடையாது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஓட்டல் பேரைச் சொல்லுங்க" என்று போனை எடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

சேலம் எதற்குப் பேர்போனது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் ஸ்டீல், வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, மாம்பழம் என்று ஒப்பிக்கும். முதல் இரண்டையும் கடிக்க முடியாது. ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே வந்துவிட்டது. ஆனால் அதைப் பாயசமாகப் பார்க்க யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்ட வேண்டும். மாம்பழம் கோடையோடு சரி. வருஷம் முழுக்க ஊரைக் காப்பாற்றுவது யாரும் ஒப்பிக்காத தட்டுவடை செட்டு.

மற்ற ஊர்க்காரர்கள் தட்டை என்பார்களே, அதுதான் தட்டுவடை. செட்டுக்கு வருவது உள்ளங்கையில் பாதிகூட வராத குட்டி வகை. நான் வழக்கமாகப் போகிற தள்ளுவண்டியில் ஓர் அக்கா நிற்கிறார். தட்டில் முதலில் வரிசையாகத் தட்டுவடைகளைப் பரப்புவார். ஒவ்வொன்றின் தலையிலும் மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி ஒரு தடவல், மல்லியும் புதினாவும் அரைத்த பச்சைச் சட்னி ஒரு தடவல். அதன் மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கின வெங்காயம். கடைசியில் இன்னொரு தட்டுவடையை வைத்து லேசாக ஓர் அமுக்கு. அந்த அமுக்கில்தான் தொழில் இருக்கிறது. கொஞ்சம் கூடினால் உடையும், குறைந்தால் வாய்க்குப் போகிற வழியில் சரியும். இத்தனையும் நடக்கும்போது அக்கா தட்டைப் பார்ப்பதே இல்லை. யார் காசு கொடுக்காமல் நகர்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

செட்டை முழுசாக ஒரே வாயில் போட வேண்டும். பல் டாக்டரிடம் திறப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் திறந்தால் போதும். நாகரிகம் பார்த்துப் பாதி கடித்தால் மீதிப் பாதி சட்டைக்கு. பீட்ரூட் கறையை எடுக்கிற சோப்பு இன்னும் வரவில்லை. எங்கள் தெருவில் தலை ஆடிக்கு வந்த ஒரு மாப்பிள்ளை, மாமனார் எடுத்துக்கொடுத்த சேலம் வெண்பட்டு வேட்டியோடு நேராக வண்டிக்கு வந்தார். இரண்டாவது செட்டிலேயே வேட்டி சிவந்துவிட்டது. மாமனார் நிதானமாகப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க மாப்ள, பார்டர் மாதிரித்தான் இருக்கு" என்றார். வேட்டியின் விலை தெரிந்தவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை.

செட்டில் உட்பிரிவுகள் உண்டு. தட்டுவடைக்குப் பதில் குட்டி முறுக்கை வைத்தால் முறுக்கு செட்டு. அவித்த முட்டை சேர்ந்தால் முட்டை செட்டு. எல்லாவற்றையும் கையால் நொறுக்கி, சட்னியும் காய்கறியும் போட்டுப் புரட்டிக் கொடுத்தால் நொறுக்கல். அடுக்கி வைக்கிற வரை காத்திருக்கப் பொறுமையில்லாத ஒருவன்தான் நொறுக்கலைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. அவனுக்குக் குகையில் ஒரு சிலை வைத்தால் நான் நன்கொடை தருவேன்.

வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்வதில்தான் சிக்கல். போர்டு கிடையாது. "பழைய ரைஸ்மில்லுக்கு எதிர்ல" என்போம். ரைஸ்மில் இருந்த இடத்தில் மண்டபம் வந்து, மண்டபம் போய் இப்போது செல்போன் கடை. "வேப்பமரத்தடி அக்கா" என்போம். மரத்தை ரோடு விழுங்கிவிட்டது, அக்கா மட்டும் இருக்கிறார். இல்லாத ஒன்றிலிருந்து இடப்பக்கம் திரும்பி, இருந்த ஒன்றுக்கு எதிரில் நிற்க எங்களால் முடியும். வெளியூர்க்காரர்கள் பாவம், மேப்பைப் பார்ப்பார்கள்.

அப்படித்தான் சென்னையிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் மேப்பில் நட்சத்திரம் எண்ணி எங்களை ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். ஏசி உண்டு. மேஜையில் பூ உண்டு. மெனு கார்டு எங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தைவிடக் கனம். 'சேலம் ஸ்பெஷல்' என்று போட்டிருந்ததை ஆசையாகக் கேட்டோம். கோபி மஞ்சூரியன் வந்தது. சேலத்துக்கும் மஞ்சூரியாவுக்கும் என்ன உறவு என்று சர்வரைக் கேட்டேன். "மாஸ்டர் சேலம் சார்" என்றார். நியாயமான பதில், ஒன்றும் சொல்ல முடியவில்லை.

என் மச்சான் அம்மாபேட்டைக்காரர். அதுவும் நெசவுப் பேட்டைதான், அங்கேயும் செட்டு உண்டு. குகை சட்னியில் பூண்டு கம்மி என்று அவர் ஒரு கல்யாணப் பந்தியில் வாய் விட்டுவிட்டார். பெண் எடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். இப்போது இரண்டு குடும்பமும் கூடினால் சொத்து, அரசியல் எல்லாம் தாராளமாகப் பேசலாம், பூண்டைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. செவ்வாய்ப்பேட்டைக்காரர் யாராவது கூட இருந்தால் பேச்சு வெங்காயத்துக்கும் பரவும்.

பெரியப்பாவின் கதை வேறு. 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு ரோட்டில் இருந்ததும், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே எடுக்கப்பட்டதும் உண்மை. அதன் வளைவு இன்னும் நிற்கிறது. ஆனால் பெரியப்பா கணக்குப்படி அந்தப் படங்களில் நடித்த அத்தனை பேரும் சாயங்காலமானால் குகைக்கு வந்து, அவர் நின்ற அதே வண்டியில், அவருக்கு அடுத்தாற்போல் நின்று சாப்பிட்டிருக்கிறார்கள். அவர் சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் படம் எடுக்க யாருக்கும் நேரமே இருந்திருக்காது.

நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆடி மாசம் வரலாம். மாரியம்மன் பண்டிகையில் குகையின் வண்டி வேடிக்கை பிரசித்தம். அலங்கரித்த வண்டிகளில் சாமி வேஷம் கட்டி ஊர்வலம் வருவார்கள். மேலே ஏறுவதற்கு முன் சாமிகளுக்கும் பசிக்கும். ஒரு வருஷம் அக்காவின் வண்டியில் எனக்குப் பக்கத்தில் சிவபெருமான் நின்றார். ஜடாமுடி, நெற்றிக்கண், கழுத்தில் ரப்பர் பாம்பு, உடம்பெல்லாம் நீலம். உதட்டுச் சாயம் கலையாமல் செட்டை எப்படி உள்ளே அனுப்புவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அக்கா, காரம் கம்மியா போடுங்க" என்றார். ஆலகாலம் குடித்தவர் கேட்கிற கேள்வியா இது? அக்கா அசரவில்லை. "முதல்லயே சொல்லணும் சாமி, தடவியாச்சு" என்று தட்டை நீட்டினார். பக்கத்தில் நின்ற பார்வதிக்கு மீசை இருந்தது. அவர் நொறுக்கல் வாங்கினார்.

ஆகவே வருகிறவர்கள் ஓட்டல் பேர் கேட்காமல் சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டை அரை வயிறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கூலி நாள், கூட்டம் நெரியும். ஒன்பது மணிக்கு வந்தால் சட்னிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். காரம் கம்மி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சிவனுக்கே மாற்றிக் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அக்கா அன்றைக்குக் கோவிலுக்குப் போய்விடுவார், எங்கள் வீட்டில் உப்புமா.