அளவெடுப்பதில் அவர்களுக்கு நிகரில்லை

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் அணிகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஸ்கவுட்டுகளைப் போல மனித உடம்பைக் கவனமாக அளப்பவர்களை நான் கண்டதில்லை. கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் முந்நூற்றுச் சொச்சம் இளைஞர்களை ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸுக்கு வரவழைக்கிறார்கள். அந்தப் பரிசோதனை முகாமுக்குக் கம்பைன் என்று பெயர். உயரம், எடை, தோள்முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை கையின் நீளம், கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை சாண் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை பார்த்து எழுதுகிறார்கள். கல்யாணச் சட்டை தைக்கும் தையற்காரருக்கும் இந்தப் பொறுமை வராது.

டிஃபென்சிவ் லைன்மேன் விஷயத்தில் இவர்களுடைய முன்யோசனை இன்னும் பெரிது. தன்னை மறிக்கும் ஆளைத் தள்ளிப் பிளந்து உள்ளே போய், பந்தோடு நிற்கும் குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்ப்பது அவனுடைய தலையாய வேலைகளில் ஒன்று. அப்படிச் சாய்த்தால் அது ஒரு ‘சாக்’. குவார்ட்டர்பேக் நிற்பதோ பெரும்பாலும் பத்து கெஜத்துக்குள். ஆனால் ஸ்கவுட்டுகள் அவனை 40 கெஜம், எதிரே ஆளே இல்லாமல், நேர்கோட்டில் ஓடவிட்டு, நொடியில் நூறில் ஒரு பங்குவரை குறித்துக்கொள்கிறார்கள். ஆட்டவாழ்வில் என்றைக்கோ ஒருநாள் நேரக்கூடிய ஓட்டத்தைக்கூட விடாமல் சோதித்துவிடுகிறார்கள்.

225 பவுண்ட் பாரத்தை மல்லாந்து படுத்தபடி எத்தனை முறை தூக்குகிறான் என்ற கணக்கும் உண்டு. 1999இல் ஒரு லைன்மேன் 51 முறை தூக்கினார். அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. என்எஃப்எல் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. அந்த 51 மட்டும் இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. 2008இல் வெர்னான் கோல்ஸ்டன் 37 முறை தூக்கினார். நியூயார்க் ஜெட்ஸ் அவரை ஆறாவது ஆளாக எடுத்தது. அந்த அணியில் மூன்று பருவம் ஆடி அவர் எடுத்த சாக் பூஜ்யம். 37 என்று எண்ணியதில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.

இவர்களுடைய தாராள மனத்தையும் சொல்ல வேண்டும். 1995இல் கம்பைன் சோதனைகளுக்கென்றே பயிற்சி எடுத்து வந்து அசத்தினார் பாஸ்டன் கல்லூரியின் மைக் மாமுலா. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் தன் 12ஆவது இடத்தோடு இரண்டாம் சுற்று வாய்ப்புகள் இரண்டையும் தம்பா பேவுக்குக் கொடுத்து, ஏழாவது இடத்துக்கு ஏறிவந்து அவரை எடுத்தது. தம்பா பே அந்த 12ஆவது இடத்தில் வாரன் சாப்பையும், அதே சுற்றின் 28ஆவது இடத்தில் டெரிக் ப்ரூக்ஸையும் எடுத்தது. இருவரும் இன்று ஆட்டத்தின் பெருமக்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஓர் அணி இன்னோர் அணிக்கு இப்படி வாரி வழங்குவது அபூர்வம். மாமுலாவை நான் குறை சொல்லமாட்டேன். வைத்த பரீட்சைக்கு அவர் ஒழுங்காகப் படித்து வந்தார், அவ்வளவுதான். கேள்வித்தாளை எழுதியவர்களுக்கே முழுப் பெருமையும் சேரும்.

ஆனால் இவர்களுடைய கூர்மை முழுதாகத் தெரிந்தது 2014இல்தான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரன் டோனல்ட் முந்தைய பருவத்தில் அவுட்லண்ட், பெட்னரிக், நகுர்ஸ்கி, லொம்பார்டி என நான்கு தேசிய விருதுகளை வாங்கிவிட்டு வந்திருந்தார். 285 பவுண்ட் உடம்போடு 40 கெஜத்தை 4.68 நொடியில் ஓடினார். உயரம் ஆறடிக்கு மேல் ஓர் அங்குலம்கூட முழுசாக இல்லை. அதைக் கண்டுபிடித்தார்கள். உண்மையும் அதுதான், அவர் குள்ளம். லைனில் கையூன்றிக் குனிந்து நிற்பவன் பந்து நகர்ந்த நொடியில் எதிராளியின் மார்புக்கூட்டுக்குக் கீழே கையைக் கொடுத்து நெம்ப வேண்டும். யார் தாழ்வாக நுழைகிறானோ அவன் கை ஓங்கும். நெட்டையனை நிமிரவைத்துவிட்டால் முந்நூறு பவுண்ட் எடையும் பின்னாலே சாயும். டோனல்ட் வாரத்துக்கு வாரம் செய்துகாட்டியது இதைத்தான். ஸ்கவுட்டுகள் அந்த உயரத்தை மிகச் சரியாக அளந்து, குறை என்ற கட்டத்தில் எழுதினார்கள். அவருக்கு முன்னால் 12 பேர் போனார்கள். கடைசியில் 13ஆவதாக எடுத்த ராம்ஸ் அணியே இரண்டாவது இடத்தில் வேறொருவரை எடுத்திருந்தது. டோனல்ட் ஆடிய பத்துப் பருவத்திலும் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். 111 சாக் எடுத்து 2024இல் ஓய்வு பெற்றார்.

லைன்மேன் ஜான் ராண்டலையும் இவர்கள் கைவிடவில்லை, கையிலேயே எடுக்கவில்லை. 1990 டிராஃப்டின் 12 சுற்றுகளிலும் அவர் பெயர் வரவில்லை, எடை போதாது. மின்னசோட்டா வைகிங்ஸில் எடை பார்த்தபோது உடுப்புக்குள் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு ஏறியவர் அவர். முள் எங்கே நிற்கவேண்டும் என்று இவர்கள் விரும்பினார்களோ அங்கே நின்றது. அவர் எடுத்தது 137.5 சாக்.

ஐயா ஸ்கவுட்டுகளே, சாணை அளக்கவும் சங்கிலியையும் சேர்த்து நிறுக்கவும் பொறுமை உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பையன்கள் கல்லூரியில் ஆடிய ஆட்டங்களின் வீடியோவும் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை அளவு நாடாவைப் பிரிப்பதற்கு முன்னால் அந்த வீடியோவைப் போட்டுப் பாருங்கள், பார்த்ததை நம்புங்கள்.