குனிதல்: போச்சம்பள்ளிச் சந்தை நாய்களை முன்வைத்து ஒரு பேராய்வு

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இந்தியும் சேர்ந்துகொண்டது. இத்தனையையும் கற்க அங்குள்ள நாய்களுக்கு நேரமில்லை. எனவே அவை குனிதலை மட்டும் கற்றுத் தேர்ந்திருக்கின்றன.

குனிதலாவது, நாயைப் பார்த்தபடியே இடுப்பை வளைத்து வலக்கையைத் தரைக்குக் கொண்டுபோதல். கையில் கல் அகப்பட வேண்டியதில்லை. தரையில் கல்லே இருக்க வேண்டியதில்லை. சிமெண்டுத் தளத்தில் குனிந்தாலும், கறிக்கடை முன் படுத்திருந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டு பத்தடி ஓடும். நின்று, திரும்பி, கையைப் பார்க்கும். வெறுங்கை என்றால் வந்து அதே இடத்தில் படுக்கும். வேட்டியை மடித்துக் கட்டக் குனிபவரை அது கண்டுகொள்வதே இல்லை. இந்த நுட்பம் தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் செய்யலாம்.

விலங்குகள் மனிதரின் உடலசைவைப் படிப்பது புதிதல்ல. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாக ஊரே நம்பியது. கேள்வி கேட்பவரின் நுண்ணிய தலையசைவைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் விளக்கினார். கொல்கத்தா ஐசர் (IISER) அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் தெருநாய்களிடம் இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றை விரலால் காட்டினார்கள். 2020இல் வெளியான முடிவு: கிட்டே வந்த நாய்களில் சுமார் 80 சதவீதம் காட்டிய கிண்ணத்துக்கே போயின. ஏறத்தாழப் பாதி நாய்கள் கிட்டேயே வரவில்லை. அந்தப் பாதி, குனிதல் பாடத்தை முன்பே முடித்தவை என்பது என் துணிபு.

ஆடும் லேசுப்பட்டதல்ல. தீனிப் பெட்டியைத் திறக்க முடியாதபோது ஆடுகள் பக்கத்திலிருந்த மனிதரின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததை 2016இல் லண்டன் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது எந்த ஆட்டுக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. விலை அதனுடையதுதான். ஆனாலும் துண்டு போடுவது அதனிடமிருந்து மறைக்க அல்ல, அடுத்த வியாபாரியிடமிருந்து மறைக்க. அவரும் ஆட்டைப் போலவே முழிப்பதால் அறிவில் இருவரும் சமம் என்று முடிவு கட்டுவது அவசரம். ஆட்டுக்குத் தரகு கிடையாது.

சந்தைக்கு வருவோருக்கு ஒரு வேண்டுகோள்: செருப்பு வார் அறுந்தால் தக்காளிக் கூறுகளுக்கு நடுவே, நாயைப் பார்த்துக்கொண்டு குனியாதீர்கள். அது ஓடும் வழியில் சிதறும் தக்காளிக்குக் கடைக்காரம்மா உங்களிடம்தான் காசு கேட்பார்.