வாயில்லாப் பிள்ளை

சாப்பாடு டெலிவரிக்குப் போக என்ன வேண்டும் என்றால் வண்டி, லைசென்ஸ், சார்ஜ் நிற்கிற போன் என்பார்கள். சேர்ந்தபோது என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். வாய் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

அதற்கு முன்னால் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒற்று மிகுமா மிகாதா என்று பென்சிலால் சுழித்துவிட்டு, நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் சம்பளம் வாங்கலாம். அச்சகத்தை மூடினார்கள். நாற்பது தாண்டிய வயதில் முதுகில் சதுரப் பையை மாட்டிக்கொண்டேன். மேற்கு மாம்பலம், தி.நகர், கோடம்பாக்கம் என் பக்கம். பிறந்து வளர்ந்த ஏரியா, சந்து பொந்தெல்லாம் அத்துப்படி என்று மனைவியிடம் அளந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சந்து பிரச்சினையே இல்லை. பிரியாணிக் கடை பார்சல் கவுன்டர்தான் பிரச்சினை. ஞாயிறு மதியம் அங்கே கலர் கலராகச் சட்டை போட்ட கூட்டம். ஆர்டர் நம்பரின் கடைசி நாலு எண்ணைக் கத்த வேண்டும். என் குரலுக்குக் கத்தல் வராது. "ஏழு மூணு ரெண்டு ஒம்போது" என்று நான் சொல்வது எனக்கே சரியாகக் கேட்காது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் தலைக்கு மேல் கையை நீட்டி வாங்கிப் போவார்கள். ஆப்பில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் ஒரு பையன் என் போனை எட்டிப் பார்த்து, "மாஸ்டர், ஏழு முப்பத்திரண்டு ஒம்போது எங்க? அண்ணன் அரை மணியா நிக்கிறாரு!" என்று ஒரு அதட்டு அதட்டினான். பார்சல் பறந்து வந்தது. இப்போதெல்லாம் வாசலில் அவன் வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தக் கடைக்குள் நுழைகிறேன்.

அடுத்தது போன். "அந்த வேப்பமரத்தாண்ட லெஃப்ட், அப்புறம் நேரா வந்து ஒரு ரைட்டு" என்பார்கள். பஸ் இரைச்சலில் பாதிதான் கேட்கும். திருப்பிக் கேட்கக் கூச்சம். "சரி சார்" என்றுவிடுவேன். பெண் குரலுக்கும் பல சமயம் "சரி சார்"தான். என் பெட்ரோலில் பெரும்பங்கு இந்த "சரி சார்" குடித்தது. மழை நாளில் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் கோடம்பாக்கம் மேம்பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். தாமதம் ஆகும் என்று ஒரு போன் போட்டால் முடிந்தது. போட மாட்டேன். வழியெல்லாம் விளக்கத்தைத் தயாரித்துக்கொண்டு போவேன். வாயைத் திறப்பதற்குள் பார்சலைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள்.

சென்னையில் பல தெருக்களில் வீட்டுக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு உண்டு. ஒரு வீட்டின் புது எண் நாலு வீடு தள்ளி இன்னொரு வீட்டின் பழைய எண்ணாக இருக்கும். பிழை திருத்துகிறவன் இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். நான் 12 என்ற பலகையைப் பார்த்தேன், மணியை அடித்தேன். பனியன், வேட்டியோடு ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். "பொண்ணு போட்டுட்டாளா? சொல்லவே மாட்டா, திடீர்னு அனுப்புவா. நியூ ஜெர்ஸில இருக்கா" என்றார். பெயர் என்ன சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "ஆமா சார்" என்றேன்.

எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் பொட்டலத்தை அங்கேயே பிரித்தார். இரண்டு ரவா தோசை, ஒரு மெதுவடை. "பல்லு போனவனுக்கு முறுகலா ரவா தோசை அனுப்பறா பாரு" என்று பெருமையாக அலுத்துக்கொண்டு வடையைச் சாம்பாரில் முக்கினார். அப்போது என் போன் அடித்தது. "எங்க இருக்கீங்க? மேப்புல எங்க வீட்டுகிட்டயே நிக்கிறீங்க." வடை பாதி போயிருந்தது. எந்த வாயால் திருப்பிக் கேட்பது?

தெருமுனையில் நின்று ஆப்பில் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். கடை மூடியிருக்கிறது, வாடிக்கையாளர் எடுக்கவில்லை, வண்டி பஞ்சர் என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. வேறொருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒன்று இல்லை. அதே ஓட்டலில் என் காசில் அதையே மறுபடி வாங்கிக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து அந்தத் தெருவில் பெரியவர் கைதட்டிக் கூப்பிட்டார். "பொண்ணு தான் போடவே இல்லங்கறா. அது யாரோடதுப்பா?" சொன்னேன். பதறிப்போய் உள்ளே ஓடி ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொண்டுவந்தார். என்னிடம் சில்லறை இல்லை. "அப்புறம் வாங்கிக்கறேன் சார்" என்றேன். "சரிப்பா" என்று நோட்டோடு உள்ளே போய்விட்டார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

கூட ஓடுகிற பசங்கள் விவரமானவர்கள். எங்களுக்கு நல வாரியம் 2023-லேயே அறிவித்தார்கள். அதில் பதிந்த 2000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் வந்தது. எங்கே, யாரிடம் கேட்பது என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க, பிரியாணிக் கடைப் பையன்தான் டீக்கடை பெஞ்சில் என் போனைப் பிடுங்கி என்னைப் பதிந்துவிட்டான். மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பற்றியும் அவன்தான் சொன்னான். கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் எங்கள் நலனுக்கென்று ஒதுக்க வேண்டுமாம். சட்டம் வந்தது 2020-இல், நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். ஊரிலேயே லேட்டாக வருகிற ஆள் நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வேலை மாறியதைச் சொந்தத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அதற்கும் வாய் வரவில்லை. ஒரு ராத்திரி போஸ்டல் காலனியில் ஓர் ஆர்டர். பெயர் இருந்த இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துதான். வாசலுக்குப் போன பிறகுதான் உறைத்தது, அத்தை வீடு. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகமூடியை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டேன். கதவு திறந்ததும் குரலைக் கட்டையாக்கி, "பார்சல்" என்றேன்.

அத்தை பொட்டலத்தை வாங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கால் செருப்பிலிருந்து மேலே பார்த்தாள்.

"ஏண்டா, தொண்டை கட்டிண்டிருக்கா? உள்ள வா, மொளகு ரசம் இருக்கு."

"சரி சார்" என்றேன்.