தலை ஒரு படம், வால் ஒரு படம்

ரொறன்ரோவில் றோயல் ஒன்ராறியோ மியூசியத்தில் நிற்கிற ‘கோர்டோ’ என்ற பரோசோரஸ் டைனோசரின் எலும்புக்கூடு சுமார் 27 மீற்றர் நீளம். ஸ்காபரோவிலிருந்து வந்த சித்தப்பாவின் ஃபோனுக்குள் அடங்குமா? பின்னாலேயே நகர்ந்துபோய், யாரோ ஒருவரின் பிள்ளைவண்டியில் இடித்து நின்றார். கிடைத்தது ஆறு முள்ளந்தண்டு எலும்பும் சின்னம்மாவின் அரை முகமும்.

“வாலைத் தனியா வாட்ஸப்பில போடுறன்” என்றார்.

துண்டு துண்டாய்க் கிடப்பது கோர்டோவுக்குப் புதிதல்ல. 1962இல் பிட்ஸ்பர்க் கார்னகி மியூசியத்திலிருந்து பண்டமாற்றாக வந்த எலும்புகள், பல பத்தாண்டுகள் களஞ்சிய இழுப்பறைகளில் உறங்கின. 2007இல் புதிய கூடத்துக்கு டைனோசர் தேடி மியூசிய ஆய்வாளர் வயோமிங்குக்கு விமானமேறிய பிறகுதான், ஆள் வீட்டிலேயே இருப்பது தெரிந்தது. எங்கள் வீட்டில் கத்தரிக்கோலும் இப்படித்தான், புதிதாய் ஒன்று வாங்கப் புறப்பட்டால்தான் கண்ணில் படும்.