அச்சுப்பொறியின் முன் நிற்றல்

அலுவலக அச்சுப்பொறியின் வேகத்தை அளப்போர், அது வந்த அட்டைப்பெட்டியைப் படித்து அளப்போர் என்றும் அதன் முன் நின்று அளப்போர் என்றும் இருவகைப்படுவர். முன்னவர் நிமிடத்திற்கு 40 பக்கம் என்பர்; பின்னவர் வாய் திறப்பதில்லை. பெட்டியின் கணக்கு, தாள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும்போது எடுக்கப்படுவது. உறங்கிக் கிடக்கும் பொறி விழித்து, மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளையைச் சூடேற்றி, முதல் தாளை வெளியே தள்ளும்வரை கழியும் பொழுது அதில் சேராது. விடுப்பு விண்ணப்பம் ஒரே பக்கம் கொண்டதாதலின், அதற்கு முதல் தாளே கடைசித் தாளுமாகிவிடுகிறது. 40 என்னும் எண்ணால் அதற்கு யாதொரு பயனும் இல்லை.

இக்காத்திருப்பைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குமுன் சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

லேசர் அச்சுமுறைக்கான ஆய்வை கேரி ஸ்டார்க்வெதர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் 1960களின் இறுதியில் தொடங்கினார். அந்நிறுவனம் 1977இல் வெளியிட்ட 9700 என்னும் பொறி நிமிடத்திற்கு 120 பக்கம் அச்சிட்டது. ஆகவே வேகம் என்னும் சிக்கல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தீராமல் நிற்பது, அனுப்பிய தாள் ஏன் வரவில்லை என்பதை அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் சிக்கலே. எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய பொறி ஒன்றின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்போரின் திரையில் செய்தி தோன்றுமாறு செய்திருந்தார். 1980ஐ ஒட்டி அங்கு வந்த புதிய லேசர் பொறியிலும் அவ்வாறே செய்ய விரும்பிய அவருக்கு, அதன் மூலநிரல், அதாவது திருத்துவதற்கேற்ற வடிவில் உள்ள நிரல், கிடைக்கவில்லை. வைத்திருந்த ஒருவரும் எவருக்கும் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தமையால் மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்துக்கும் அதன்வழி வளர்ந்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் தூண்டுதலாக அவரே சொல்லிவருபவற்றுள் இந்நிகழ்ச்சி ஒன்று. சிக்கிய தாளிலிருந்து ஓர் இயக்கமே கிளம்பிய பின்னும், இன்றைய அலுவலகப் பொறி தன் சிறுதிரையில் ஒரு முக்கோணத்தையும் அதனுள் ஓர் ஆச்சரியக்குறியையும் காட்டிவிட்டு அமைதியாகிவிடுகிறது.

பொறி பேசாத இடத்தில்தான் சடங்கு தோன்றுகிறது. டிரே எனப்படும் தாள்தட்டை வெளியே இழுப்பதில் எல்லா மரபினரும் ஒத்துப்போவர். இழுத்த பின்னரே பிளவு. உறை பிரித்தபோது மேலிருந்த பக்கம் மேலேயே இருக்கவேண்டும் என்னும் வடகலையாரும், கீழே போகவேண்டும் என்னும் தென்கலையாரும், நிதித்துறைக்கும் மனிதவளத் துறைக்கும் பொதுவான ஒரே பொறியின் முன் பல்லாண்டாக வாதிட்டு வருகின்றனர். இவர்களுள்ளும் தாளை வைக்குமுன் கட்டைவிரலால் விசிறுவோர், மேசையில் நான்கு பக்கமும் தட்டி ஓரம் சேர்ப்போர், இடுக்கில் வாயால் ஊதுவோர் என உட்பிரிவுகள் உண்டு. விசிறுவோர்க்கு ஆதாரம் உண்டு: கட்டுப்பிரித்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பின. தட்டுவோர்க்கும் ஆதாரம் உண்டு: கோணிய தாள் கோணியே இழுபடும். ஊதுவோர்க்கு எவ்வகை ஆதாரமும் இல்லை. மாறாக, வாயின் ஈரம் தாளுக்கு ஆகாது. இக்கட்டுரையாளர் தட்டுவோர் மரபைச் சார்ந்தவராதலின் இப்பகுதியில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். தட்டு மூடியபின் முன்கதவைத் திறந்து சாத்துதல், பின்கதவைத் திறந்து சாத்துதல், முன்கதவை முன்னினும் ஓங்கிச் சாத்துதல் என்னும் வரிசை வருகிறது. கதவுகளுள் எது எதனோடு தொடர்புடையது என எவருக்கும் தெரியாததால் வரிசை மாறினும் குற்றமில்லை. அதன்பின் டோனர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, தொட்டிலை ஆட்டுவதுபோல் இடவலமாக ஆட்டுதல். தூள் சீராகப் பரவிச் சில பக்கங்கள் கூடுதலாக வரும் என்பது உண்மையே. ஆட்டியவர் வெள்ளைச் சட்டை அணிந்திருப்பார் என்பதும் உண்மையே. தூளைத் துடைக்கச் சுடுநீர் கொண்டுவருவோர் இன்னொரு உட்பிரிவினர். சுடுநீரில் தூள் துணியோடு பிடித்துக்கொள்ளுமாதலின், அவர்களை ஊதுவோர்க்கும் கீழே வைப்பதே முறை. இறுதியாக எவரேனும் சுவிட்சை அணைத்துப் போடுவார். இதற்கிடையில் தத்தம் இருக்கையில் இருப்போர் செய்வது என்ன என்பதை வாசகர் அறிவர். பொறி உயிர்பெற்றதும் ஒரே சுற்றறிக்கை ஏழு படிகளாக வந்து விழுவது அதனாலேயே.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை மேற்கூறிய சடங்குகள் அனைத்தும் நிறைவேறிய பின்னர், பொறி நீலத்தூள் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தது. இக்கட்டுரையாளர் அனுப்பியிருந்த விடுப்பு விண்ணப்பமோ முழுவதும் கறுப்பு எழுத்தால் ஆனது. கறுப்பில் எழுதியதை அச்சிட நீலம் எதற்கு என்னும் கேள்விக்கு, அப்பொறியை விற்றோர் தூளையும் விற்போர் என்பதைத் தவிர வேறு விடை இக்கட்டுரையாளருக்குப் புலப்படவில்லை. புலப்படவேண்டும் என்னும் விருப்பமும் இல்லை.

நீலத்தூள் வந்து சேர்ந்தபின்னும் விண்ணப்பம் வரவில்லை. அச்சுக்கு அனுப்பப்படும் வேலைகளை வந்த வரிசையில் அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகப் பொறிக்கு விடும் ஏற்பாட்டுக்கு ஸ்பூலிங் என்று பெயர். அவ்வரிசையில் விண்ணப்பத்துக்கு முன்னால் தணிக்கைக் குழுவின் 212 பக்க அறிக்கை, இருபுறமும், மூன்று படிகளாக நின்றது. மிகக் குறுகிய வேலையை முதலில் முடித்தால் காத்திருப்போர் அனைவரின் சராசரிக் காத்திருப்பும் மிகக் குறையும் என்பது கணினியியலில் நிறுவப்பட்ட முடிவு. முதல் வழி இதுவே. தணிக்கைப் பிரிவின் மேலாளரிடம் இம்முடிவு எடுத்துரைக்கப்பட்டது. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “எதிர்ல ஜெராக்ஸ் கடை இருக்கே சார்” என்றார்.

அக்கடையை நடத்தும் அம்மையார் மேற்படி முடிவைப் பாடமாகப் படித்தவரல்லர். ஆயினும் ஓடிக்கொண்டிருந்த ஆய்வேட்டை நடுவில் நிறுத்தி, “ஒரு ஷீட்தானே, குடுங்க சார்” என்று விண்ணப்பத்தை அடுத்த நிமிடமே கையில் கொடுத்தார். இம்முறைக்கு ஒரு குறை உண்டு: சிறுவேலைகள் வந்துகொண்டே இருக்கும்வரை நெடுவேலை உடையவருக்கு முறை வராது; கணினியியலார் இதனைப் பட்டினி என்றே வழங்குவர். ஆய்வேட்டுக்கு உரிய மாணவர், அன்றே பைண்டிங் முடித்துக் கொடுக்கவேண்டிய நிலையில், இக்கட்டுரையாளரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஆதார் நகல் எடுக்க இருவர் வந்து அம்மையாரை அழைத்தனர்.