பிரண்டைக்குப் பால்புட்டி எதுக்குல?

ஏல பேராண்டி, இங்க வா. மூணு வேளையும் பூவாளியத் தூக்கிக்கிட்டு மொட்டமாடிக்கு ஓடுதியே, அந்தத் தொட்டியில கெடக்கது என்னதுல? பிரண்டையா! நான் ஏதோ கைக்கொழந்தைன்னுல்லா நெனச்சேன். நம்ம வேலியில சும்மா கெடக்கத விட்டுப்போட்டு நர்சரிக்காரனுக்கு மொய் எழுதிட்டு வந்திருக்க. சரி, அவனும் பொழைக்கணும்லா.

உங்க ஆச்சி வேலியில ஒரு துண்டச் சொருகி நாப்பது வருசம் ஆச்சு. ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினதில்ல. கோடையில எலையெல்லாம் உதுத்துட்டு வெறுந்தண்டா நிக்கும். தண்டே பச்சைல்லா, அதுவே வெயில வச்சுச் சோறு பொங்கிக்கிடும். வெயில் தணிஞ்சு ரெண்டு மழை விழுந்தா கணுவுக்குக் கணு துளுக்கும், பூக்கும். பூவப் பாக்கணும்னா கண்ணாடியப் போட்டுக்கோ, அம்புட்டுப் பொடிசு. பொறவு செவப்பாப் பழம். திராட்சைக்குப் பங்காளிதான். ஆனா பங்காளி புத்தி போவுமா? வாயில போட்டா நாக்கு அரிச்சுக் கொன்னுபுடும்.

உன் தொட்டியில அடிக்கணு நொளநொளன்னு அழுகிட்டு. பாசம் முத்திப்போச்சு. மேல நல்லாருக்க தண்டுல மூணு கணு வச்சு நறுக்கு. ரெண்டு நாள் நெழல்ல போடு, வெட்டுவாய் காயட்டும். ஒரு கணு உள்ள போற மாதிரி சரள மண்ணுல சொருகு. தண்ணியா? மனசு கேக்கலன்னா வாரம் ஒருதரம் தெளி.

பறிக்கையில நுனிக் கொழுந்தா மூணு கணு ஒடி. முத்தினதுன்னா நாரத்தான் திங்கணும். கையில நல்லெண்ணெய் தடவிக்கோ. உங்கப்பன் ஒருநாள் வெறுங்கையால நாருரிச்சுட்டு, விடிய விடிய எருமை கணக்கா தூணுல தேச்சுக்கிட்டு நின்னான். பெத்த வயித்துல பிரண்டையக் கட்டணும்னு ஆச்சி ஏசினது அன்னைக்குத்தான்.

நல்லெண்ணெயில பச்ச நெறம் போவச் சுருள வதக்கி, வத்தல், உளுந்து, தேங்காயோட புளியக் கூட வச்சு அரைக்கணும். புளிதான் அரிப்ப அடக்கும். திவசத்துல இந்தத் தொவையல் ஒண்ணு வச்சா 300 கறி வச்சதுக்குச் சமம்னு ஐயமாரு வீட்டுல சொல்லுவாக. நீ என்னடான்னா போனப் பாத்துட்டுப் பச்சையா மிக்ஸியில அடிச்சுக் குடிக்கப் போறியாம்லா! குடி. குடிச்சுட்டு எனக்கு ஒரு போன் போடு, பேச நாக்கு இருந்தா.

அந்தப் பூவாளிய மட்டும் இங்க வச்சுட்டுப் போ. கத்தரிக்குத் தண்ணி ஊத்த ஆச்சி ஆள் தேடுதா.