ஆடிக்காற்றில் மின்தடை: எதிர்வீட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வேகமெடுக்கும் இடத்தில் முப்பந்தல் இருக்கிறது. அங்குள்ள காற்றாலைகளின் திறன் சுமார் 1,500 மெகாவாட். அதே காற்று அக்கம்பக்கத்தில் ஒரு முருங்கைக் கொம்பை ஒடித்துக் கம்பிமேல் போட்டால், சுற்றும் காற்றாலையைப் பார்த்துக்கொண்டே ஒரு தெரு இருட்டில் உட்கார்ந்திருக்கும். முன்னோடி ஆய்வாளர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்திருக்க வேண்டும்.

காரணவியல் எளிது. 11,000 வோல்ட் கம்பிகள் காற்றில் உரசும். துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழும். சற்று விட்டுத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். நின்றால் சரி, இல்லையென்றால் லைன்மேன் கிளம்ப வேண்டும். இந்தப் போட்டுப்பார்த்தலைத்தான் வீடுகளில் "வந்துட்டு!" என்று கூவி வரவேற்கிறார்கள். கூவி முடிப்பதற்குள் போய்விடும்.

நம் ஆய்வுப்பொருள் மின்சாரம் அன்று, மனம். கரண்டு போனதும் எவரும் முதலில் டார்ச்சைத் தேடுவதில்லை. வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்க்கிறார்கள்.

"மைனி, அங்க கரண்டு இருக்கா?"

"இங்கயும் இல்ல."

"அப்பம் சரி."

எதுவும் சரியாகவில்லை என்பதைக் கவனிக்க. ஃபேன் நின்றுவிட்டது, கிரைண்டரில் உளுந்து பாதி அரைபட்டுக் கிடக்கிறது. ஆனாலும் நெஞ்சு ஆறிவிட்டது.

எதிர்வீட்டிலும் இல்லையென்றால் மனம் ஆறும் என்ற இக்கோட்பாட்டுக்கு உண்மையான சோதனை, ஒரு ஃபேஸ் மட்டும் போகும்போது வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மூன்று ஃபேஸில் ஆளுக்கொன்றாக வீடுகளுக்கு 230 வோல்ட் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நம்முடையது மட்டும் போனால் இடது வீட்டில் சீரியல் ஓடும், வலது வீட்டில் மிக்ஸி ஓடும். ஊரே இருண்டபோது பனைவிசிறியோடு திண்ணையில் கதையளந்த அதே மனிதர், இப்போது புகார் எண்ணை விடாமல் அழுத்துகிறார். மழைச்சாரல் முகத்தில் அடித்தாலும் வாசலை விட்டு நகர்வதில்லை. மூன்று ஃபேஸும் வாங்கி வைத்திருப்பவர்கள் தனி வர்க்கம். ஒரு சுவிட்சைத் திருப்பிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்களிடம் "கரண்டு இருக்கா" என்று யாரும் கேட்பதுமில்லை.

ஆகவே இவ்வாய்வு பணிவுடன் பரிந்துரைப்பது: ஒரு ஃபேஸ் பழுதாகிச் சரிசெய்ய நேரமாகுமென்றால், மற்ற இரண்டையும் கூடவே நிறுத்திவிடலாம். புகார்கள் உறுதியாகக் குறையும். மூன்று ஃபேஸ்காரர்கள் ஆட்சேபிக்கக்கூடும். அவர்களும் அன்றைக்காவது வாசலுக்கு வரட்டும்.